பதினோரு மணி வெயில்

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. இரவு படுத்ததும் கால் வலிக்கிறது என்பாள். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பு நெடுக வலி. தைலம் தேய்த்து அமுக்கிவிட்டால் சற்று நேரத்தில் தூங்கிவிடுவாள். காலையில் எழுந்து வழக்கம்போலப் பள்ளி வேனுக்கு ஓடுவாள். வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்பது என் அம்மாவின் தீர்ப்பு. பல குழந்தைகளுக்கு அது உண்மையும்கூட. ஆனால் அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. மகள் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பற்றி உடம்பை இழுத்துக்கொண்டு ஏறுகிறாள், தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றித்தான் எழுகிறாள் என்பதைக் கவனித்தவள் அவள்தான். ஒன்பது வயதுப் பிள்ளை எழுந்திருக்கிற விதமா இது என்று என்னிடம் கேட்டாள்.

குழந்தை மருத்துவரிடம் நானும் உடன் போனேன். வயதான பெண்மணி, ஒரு பிள்ளையைப் பார்த்து முடிக்கும்வரை அடுத்த பிள்ளையைக் கூப்பிடமாட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி, முழங்கால் இரண்டும் தொடும்படி நிற்கவைத்தார். குனிந்து இரண்டு கணுக்கால்களுக்கும் இடையே தன் விரல்களை விட்டுப் பார்த்தார். மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. பிறகு மணிக்கட்டைத் தன் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடித்து, எலும்பு புடைத்திருக்கிறதா என்று தடவினார். முன்னெலும்பை மெல்ல அழுத்தினார். பிள்ளை முகம் சுளித்தாள். நாற்காலிக்குத் திரும்பி, அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலை பதினோரு மணிக்கு இவள் எங்கே இருப்பாள்?"

பள்ளிக்கூடத்தில் என்றாள் அக்கா. பள்ளியில் எங்கே? இரண்டாவது மாடி வகுப்பறையில். இடைவேளையில்? தாழ்வாரத்தில், பத்து நிமிடம்தான், கழிப்பறைக்குப் போய்வந்து பிஸ்கட் தின்பதற்குள் மணி அடித்துவிடும். மதியச் சாப்பாடு? வகுப்பறை மேசையிலேயே. விளையாட்டு வகுப்பு? வாரத்துக்கு இரண்டு, ஒன்றில் சதுரங்கம், இன்னொன்றில் அரங்குக்குள் யோகா. தேர்வு நெருங்கினால் இரண்டும் இல்லை. சனிக்கிழமை? அபாகஸ் வகுப்பு. ஞாயிறு? ஓவியம். வீட்டுக்கு வந்த பிறகு? ஐந்தரைக்கு மேல் கீழே போய் சைக்கிள் ஓட்டுவாள். "வெயில் தாழ்ந்த பிறகுதான் விடுவேன், டாக்டர்" என்று அக்கா சேர்த்துக்கொண்டாள், அது தன் பொறுப்புணர்ச்சிக்குச் சான்று என்பதுபோல. அது சான்றுதான், நம் ஊரில் நல்ல அம்மா என்றால் அப்படித்தான் செய்வாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "காலையில் வேனுக்கு நிற்கும்போது நன்றாக வெயில் படும். ஏழரை மணி வெயில், இளவெயில்" என்றாள்.

மருத்துவர் சன்னலைக் காட்டினார். கண்ணாடி வழியாக வெயில் அவர் மேசைமேல் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. "இந்த மேசை மேல் விழுகிற வெயிலும் அந்த ஏழரை மணி வெயிலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான் அம்மா. வெளிச்சம் வரும், சூடு வரும். இவளுக்கு வேண்டியது மட்டும் வராது" என்றார்.

பரிசோதனை முடிவு மறுநாள் வந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 8 நானோகிராம்தான், மிகக் குறைவு. எலும்பு அவதிப்படும்போது ஏறுகிற அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியும் ஏறியிருந்தது. மருந்து எழுதினார், பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள். நான் எழுத வந்தது அவள் நோயைப் பற்றி அல்ல. பதினோரு மணிக்கு எங்கே இருப்பாள் என்ற கேள்வி என்னை விட்டுப் போக மறுக்கிறது. தெருவில், பஸ்ஸில், உறவினர் வீட்டில், பார்க்கிற ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் மனத்துக்குள் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் பதில் ஒன்றாகவே இருக்கிறது.

நிழல் நீளமாக இருந்தால்

இளவெயில் நல்லது, உச்சிவெயில் கெட்டது என்பது நம் வீடுகளில் கேள்வி கேட்காமல் கைமாறி வருகிற நம்பிக்கை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, ஏழு மணி வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து காட்டுவார்கள். குழந்தைக்கு இதமாக இருக்கும், தாய்க்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வைட்டமின் டி அந்த வெயிலில் அநேகமாக உருவாவதில்லை. நம் தோலில் கொலஸ்ட்ரால் வகையைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர்கள், அதாவது ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் கொண்டவை, அதன்மேல் படும்போதுதான் அது வைட்டமின் டியாக மாறத் தொடங்குகிறது. பிறகு கல்லீரல் ஒருமுறை மாற்றுகிறது, சிறுநீரகம் இன்னொருமுறை மாற்றுகிறது. அதன் பின்னரே குடலில் உள்ள கால்சியத்தை ரத்தத்துக்குள் கொண்டுசேர்க்கும் வேலை நடக்கிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அந்தக் கதிர். சூரியன் அடிவானத்தில் சாய்ந்து இருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வரவேண்டியிருப்பதால், வழியிலேயே ஓசோன் படலம் அந்தக் கதிர்களை விழுங்கிவிடுகிறது. சாதாரண சன்னல் கண்ணாடியும் அதையே செய்கிறது. பள்ளி வேனின் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் முகத்தில் சுள்ளென்று வெயில் படுகிற பிள்ளைக்கு வியர்வை உண்டு, வைட்டமின் இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே திருப்பதியில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தோலில் உள்ள அதே பொருளைச் சிறு குப்பிகளில் ஊற்றி, மணிக்கு மணி வெயிலில் வைத்து, எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் மாற்றம் உச்சத்தில் இருந்தது. திருப்பதிக்கும் சென்னைக்கும் வானத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கருவி எதுவும் இல்லாமல் கணக்கிட மருத்துவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: பிள்ளையைத் தரையில் நிற்கவைத்து நிழலைப் பாருங்கள். நிழல் பிள்ளையைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் பயன் உண்டு. நீளமாக இருந்தால் சொல்லும்படியாக இல்லை. சென்னையில் மார்கழி மாதத்தில்கூட ஏறக்குறைய பத்தேகால் மணியிலிருந்து இரண்டு மணிக்குச் சற்று முன்பு வரை நிழல் குட்டையாகவே இருக்கிறது. மற்ற மாதங்களில் இன்னும் நீண்ட நேரம். லண்டனிலோ டொராண்டோவிலோ குளிர்காலத்தில் மாதக்கணக்கில் நண்பகல் நிழல்கூட அப்படிக் குறுகுவதில்லை. அங்கே பிள்ளைகளுக்கு வெயிலே இல்லாத பருவம் என்று ஒன்று உண்டு. நமக்கு ஆண்டில் ஒரு நாள்கூட அப்படி இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சித்திரை வெயிலில் பிள்ளையை மொட்டைமாடியில் நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் நண்பகல் வெயில் ஆபத்தானது. அப்போது பத்து மணியோடு நிறுத்திக்கொள்வதே சரி. வாரத்தில் சில நாட்கள், கையும் காலும் முகமும் திறந்திருக்க, கால்மணி முதல் அரைமணி நேரம் ஓடி விளையாடி, இடையிடையே நிழலுக்கு வந்து தண்ணீர் குடிப்பதுதான் பேச்சு. நம்மைப் போன்ற கருந்தோலுக்கு வெள்ளைத்தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும்; மெலனின் என்கிற நிறமி அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கொள்வதால் அப்படி. அந்த நிறமிதான் நம்மைத் தோல் எரிச்சலிலிருந்தும் தோல் புற்றுநோயிலிருந்தும் பெருமளவு காத்து நிற்கிறது. வெயிலில் இன்னொரு நன்மையும் உண்டு: எவ்வளவு நேரம் நின்றாலும் வைட்டமின் டி மிகையாகி நஞ்சாகாது. தேவைக்கு மேல் உருவானதைத் தோலே வேறு பயனற்ற பொருள்களாக மாற்றிக் கழித்துவிடுகிறது.

மதியம் வீட்டுக்கு நடந்த பிள்ளைகள்

நான் படித்தது விருதுநகர்ப் பக்கம் ஒரு சிறிய ஊரில். எங்களை யாரும் வெயிலில் நிற்கச் சொன்னதில்லை. வெயிலில் அலையாதே என்றுதான் எங்கள் அம்மாக்களும் கத்தினார்கள். ஆனால் பத்தே முக்கால் மணி இடைவேளையில் மொத்தப் பள்ளியும் மைதானத்தில் இருக்கும். மதியம் மணி அடித்ததும் பாதிப் பேர் வீட்டுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். போகிற வழியில் புளியமரத்தடியில் கல் எறிவது, கண்மாய்க் கரையில் எட்டிப் பார்ப்பது, சைக்கிள் கடையில் நின்று வேடிக்கை பார்ப்பது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். அரைக்கை சட்டை, பாவாடை, வெறுங்கால். உச்சி வெயிலில் தினமும் அரைமணி நேரம் அப்படி நடந்திருக்கிறோம். அதை உடற்பயிற்சி என்றோ ஊட்டச்சத்து என்றோ எவரும் அழைக்கவில்லை; அது பசிக்காக நடந்த நடை.

அந்த நடையை யாரும் திட்டமிட்டு ஒழிக்கவில்லை. ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில்தான் நடந்தது. சாலையில் வண்டி பெருகியது, ஆகவே வேன் வந்தது. வேன் வந்ததும் பள்ளி தொலைவானாலும் பரவாயில்லை என்றானது. தொலைவானதால் மதியம் வீடு திரும்ப முடியாமல் டிபன் டப்பா வந்தது. சேர்க்கை கூடியதால் மைதானத்தில் புதிய கட்டடம் எழுந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்கவேண்டும் என்று இருக்கிறது; ஆனால் மைதானம் எவ்வளவு பெரியது, அதில் பிள்ளைகள் எந்த நேரத்தில் கால்வைக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வது சட்டமன்றம் வரை பேசப்பட்ட குறை. கடன் என்கிறோம், எந்த ஆசிரியரும் அதைத் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இப்படி ஒவ்வொரு நல்ல காரணமும் சேர்ந்து, ஒரு பிள்ளையின் நாளில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதையும் கூரைக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டன.

2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின் ஒரு வரியை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். இந்தியாவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 14 விழுக்காட்டினருக்கும், ஐந்து முதல் ஒன்பது வயது வரை 18 விழுக்காட்டினருக்கும், பத்து முதல் பத்தொன்பது வயது வரை 24 விழுக்காட்டினருக்கும் வைட்டமின் டி பற்றாக்குறை இருந்தது. வயது ஏற ஏறப் பற்றாக்குறையும் ஏறுகிறது. வயதோடு சேர்ந்து ஏறுவது வேறென்ன என்று யோசித்தால் எனக்குத் தெரிவது வகுப்பும் டியூஷனும்தான். கிராமத்தைவிட நகரத்தில் பற்றாக்குறை அதிகம். பஞ்சாப், மணிப்பூர் போன்ற வடக்கு, வடகிழக்கு மாநிலங்களில் மிக அதிகம், தென்மாநிலங்களில் குறைவு. நமக்குக் குறைவு என்பது ஆறுதலான செய்தி. ஆனால் அது நம்முடைய சாமர்த்தியம் அல்ல, நாம் இருக்கிற அட்சரேகையின் தயவு. அந்தத் தயவையும் வீணடிக்கிற பள்ளிகளும் குடியிருப்புகளும்தான் நம் நகரங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன.

புகை மூடிய ஊர்களின் நோய்

வைட்டமின் டி குறைந்து பிள்ளைகளின் எலும்பு வலுவிழந்து வளைகிற ரிக்கெட்ஸ் என்ற நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு மருத்துவரிடம் என் மனம் நின்றுவிட்டது. தியோபால்ட் பாம் என்ற அவர் ஜப்பானில் மிஷன் மருத்துவராக இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். தொழிற்புரட்சியின் நகரங்களில் நிலக்கரிப் புகை வானத்தை மூடியிருந்த காலம். சந்துகளில் கால் வளைந்த பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். ஜப்பானில் அத்தகைய பிள்ளைகளைத் தாம் காணவில்லையே என்ற வியப்பில், ஆசிய நாடுகளில் இருந்த மற்ற மிஷன் மருத்துவர்களின் அனுபவங்களையும் கேட்டுத் தொகுத்து 1890இல் வெளியிட்டார். சீனத்திலும் இந்தியாவிலும் ஏழைகள் உண்பதும் உடுத்துவதும் ஆங்கிலேய ஏழையைவிட மோசம்; ஆயினும் அங்கே இந்த நோய் அரிது. ஆகவே நோய்க்குக் காரணம் சூரியன் இல்லாமை, மருந்து வெயிலில் குளிப்பது என்று எழுதினார். அப்போது பெரிதாக எவரும் காதுகொடுக்கவில்லை.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1919இல், பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் நோயுற்ற பிள்ளைகள்மேல் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி எலும்பு தேறுவதை எக்ஸ்ரேயில் காட்டினார். 1921இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஹெஸ் வெறும் வெயிலைக் கொண்டே அதைச் செய்தார். அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளுக்கு மீன் எண்ணெய் கொடுத்து நோயைத் தடுத்தார்; 1922இல் எல்மர் மெக்கலம் அந்த எண்ணெயில் இருந்த பொருளுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் வரிசைப்படி வைட்டமின் டி என்று பெயர் வைத்தார். பாம் தொகுத்த கடிதங்களில் நாம் ஆரோக்கியத்துக்கு எடுத்துக்காட்டாக இருந்தோம். ஒன்றேகால் நூற்றாண்டுக்குள் நம் பிள்ளைகளுக்கு அந்த வைட்டமினை மருந்தாக எழுதிக்கொடுக்கிற நிலைக்கு வந்திருக்கிறோம் என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கறுத்துப் போய்விடுவாள்

பள்ளியையும் கட்டடத்தையும் குறை சொல்லிவிட்டு நம் வாயிலிருந்து வருகிற சொல்லைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அக்கா மகள் வெயில் தாழ்ந்த பிறகுதான் கீழே இறங்க அனுமதிக்கப்பட்டதற்குக் காரணம் மயக்கம் வரும் என்ற பயம் பாதி. மறுபாதியை நான் நேரில் கேட்டிருக்கிறேன். உறவுக்காரப் பெண் ஒருவர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "போன வருடம் எவ்வளவு நிறமாக இருந்தாள்! வெயிலில் விடாதே" என்று அக்காவிடம் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவளே, நாங்கள் கூப்பிட்டாலும், "கறுத்துவிடுவேன் சித்தி" என்று உள்ளே இருந்துகொள்வாள். பையனிடம் இந்தப் பேச்சு ஓரளவோடு நின்றுவிடுகிறது. பெண்பிள்ளையை இது வயதுக்கு வரும் வரை துரத்தி, வயதுக்கு வந்த பிறகு வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்துவிடுகிறது. வளரிளம் பருவத்தில் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளிடம் இந்தப் பற்றாக்குறை அதிகம் என்பதற்கு உடற்கூறு சார்ந்த விளக்கம் தேடுவதைவிட, அந்த வயதில் அவர்கள் வெளியில் இருக்கிற நேரத்தைக் கணக்கிட்டால் போதும். எலும்பு வேகமாக அடர்த்தி கூடுகிற வயதும் அதுதான்.

அதோடு முடிவதும் இல்லை. அந்தப் பெண் கருவுறும்போது அவளிடம் இருப்பதில்தான் குழந்தைக்குப் பங்கு. தாய்ப்பாலுக்கு நிகரில்லை, ஆனால் வைட்டமின் டி மட்டும் அதில் மிகக் குறைவு, தாய்க்கே பற்றாக்குறை என்றால் இன்னும் குறைவு. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமல் வலிப்பு வந்து அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. காரணம் தேடினால் தாய்க்கும் பிள்ளைக்கும் வைட்டமின் டி இல்லை. சில குழந்தைகளுக்கு இதயத் தசையே தளர்ந்துபோகிறது. தமிழகக் குழந்தை மருத்துவர்களுக்கு இது புத்தகத்தில் படித்த செய்தி மட்டும் அல்ல. இதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம், பிறந்தது முதல் ஒரு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்தைப் பரிந்துரைக்கிறது. மலிவான மருந்து. ஆனாலும், "தாய்ப்பாலில் இல்லாததா இதில் இருக்கிறது" என்று பாட்டிமார் கேட்டதும் அலமாரிக்குள் போய்விடுகிற புட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். தாய்ப்பாலில் இல்லாத ஒன்று உண்மையாகவே அதில் இருக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டில் இருக்கிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

பாக்கெட்டும் கேழ்வரகும்

மருத்துவர் எழுதிக்கொடுத்தது 60,000 யூனிட் பாக்கெட். சீட்டில், "வாரம் ஒன்று" என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார். போகும்போது வாய்விட்டுச் சொல்லவைத்தார்: எத்தனை? வாரத்துக்கு ஒன்று. எதற்கு இவ்வளவு என்று அக்கா கேட்டதற்கு, நாளுக்கு ஒன்று என்று புரிந்துகொண்டு கொடுத்த வீடுகள் இருக்கின்றன என்றார். வெயிலுக்கு இருக்கிற தற்காப்பு வாய்வழி மருந்துக்கு இல்லை. மிகையானால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள் என்பதற்காக, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தது நம் பிள்ளைக்கும் ஆகும் என்று வாங்கிவந்து கரைத்துக்கொடுக்கிற பழக்கம் எனக்கு நோயைவிட அச்சம் தருகிறது.

பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. முழு உடல் பரிசோதனைப் பொட்டலங்களில் இதையும் சேர்த்துவிடுகிறார்கள். 30க்குக் கீழே எந்த எண் வந்தாலும் சிவப்பு மையில் அச்சாகிறது. குழந்தைகளுக்கு 20க்கு மேல் இருந்தால் போதும், 12க்குக் கீழே போனால்தான் பற்றாக்குறை என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் அளவுகோல். தேசிய ஆய்வும் 12 என்ற கோட்டைத்தான் வைத்தது. பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குக் குறைபாடு என்று அவ்வப்போது வருகிற திகில் செய்திகளில், எந்தக் கோட்டை வைத்து எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள். அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்குச் சோதனையே வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு முட்டையும் மீனும் வாங்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி மருத்துவர் கேட்ட கேள்விகள் அதிகம். பால் எவ்வளவு? காபியில் கலப்பதோடு சரி. தயிர்? பிடிக்காது. கேழ்வரகு? "அதெல்லாம் யார் டாக்டர் சாப்பிடுகிறார்கள்?" கால்சியமே வராத குடலில் வைட்டமின் டி என்ன செய்யும், சரக்கு வராத துறைமுகத்தில் சுமைதூக்கிகள் காத்திருப்பதுபோலத்தான் என்றார் அவர். நைஜீரியாவில் வெயிலுக்குப் பஞ்சமில்லாத பிள்ளைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தபோது, வைட்டமின் டியைவிடக் கால்சியமே அவர்களைக் கூடுதலாகக் குணப்படுத்தியது என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் உண்ட கால்சியம் நாளுக்கு 200 மில்லிகிராம் அளவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 650 மில்லிகிராம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 இருக்கிறது, நூறு மில்லி பாலில் சுமார் 120. கேழ்வரகு தானாக வைட்டமின் டி தராது. முட்டை மஞ்சள்கரு, மத்தி மாதிரியான கொழுப்புள்ள மீன், சத்து சேர்த்த பால் ஆகியவற்றில் கொஞ்சம் உண்டு. அவற்றை மட்டும் நம்பி ஒரு நாளுக்கு வேண்டிய 600 யூனிட்டை எட்டுவது கடினம். ஆகவே ஒரு கை உணவு, மறு கை வெயில். சத்துணவுக் கூடத்தில் வாரம் ஐந்து நாள் முட்டை தின்றுவிட்டு மைதானத்தில் ஓடுகிற அரசுப் பள்ளிப் பிள்ளை, இந்த ஒரு விஷயத்தில், குளிரூட்டிய வகுப்பறைக்கு லட்சங்கள் கட்டுகிற பிள்ளையைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும். கட்டணம் கட்டுகிற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

மைதானத்தைத் திறந்துவிடுங்கள்

மருந்து முடிந்த பிறகு அக்கா செய்த முதல் வேலை ஓவிய வகுப்பை நிறுத்தியது. ஞாயிறு பத்தரைக்கு மகளும் இரண்டு தோழிகளும் கடற்கரையிலோ பூங்காவிலோ இருக்கிறார்கள். தொப்பி உண்டு, தண்ணீர் உண்டு, வேப்பமர நிழல் உண்டு. வாரத்தில் ஒரு நாள் போதாது என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே பள்ளிக்குப் போனோம். காலை இடைவேளையைப் பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடமாக்கி மைதானக் கதவைத் திறந்துவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் வெளியில் விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. பணம் செலவாகாத கோரிக்கை. தலைமை ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். "நான் விடத் தயார். விட்டால் மறுநாளே பிள்ளை கறுத்துவிட்டது, வியர்வையில் சளி பிடித்துவிட்டது என்று பெற்றோர் வந்து நிற்கிறார்கள். உங்களைப் போல இருபது பேர் எழுதிக்கொடுங்கள்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எழுதிக்கொடுக்க ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

குடியிருப்பில்தான் விஷயம் இன்னும் இழுபறியாக இருக்கிறது. கீழே விளையாட்டுத் திடலின் கதவில் ஒரு பலகை உண்டு: காலை 10 முதல் மாலை 4 வரை குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. சத்தம் முதியோரின் ஓய்வைக் கெடுக்கிறது என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். விடுமுறை நாட்களிலாவது பத்திலிருந்து பன்னிரண்டு வரை திறந்துவிடக் கேட்டு அக்கா ஒரு மனு எழுதி வீடு வீடாகக் கொண்டுபோனாள். இளம் பெற்றோரில் பலர் சங்கக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினார்கள். இதுவரை ஒப்பமிட்டவர்களில் பெரும்பாலோர், யாருடைய ஓய்வுக்காக அந்தப் பலகை வைக்கப்பட்டதோ அந்த முதியவர்கள். கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு.